ஒற்றை இறக்கையில் சந்தனம்

காலை ஏழு மணி நாற்பது. பள்ளியின் படியேறி நான் மொட்டை மாடிக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது, காற்றாலையின் மூன்று இறக்கைகளில் ஒன்றில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு அப்பியிருந்த சந்தனம்.

அதன் நடுவில் குங்குமம். காற்றாலையைத் தாங்கிய குழாயில் ஒரு முழம் மல்லிகையும் ஒரு கொத்து வேப்பிலையும் கட்டப்பட்டிருந்தன. ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை.

கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கோமதி டீச்சர் நின்றிருந்தார். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர். பக்கத்தில் அவருடைய மாணவர்கள் ஷர்மிளாவும் பிரகாஷும். மூவரும் அந்த இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காற்று வந்தது. இறக்கைகள் சுற்றின. குழாய் ஆடியது. அதைச் சுவரோடு சேர்த்துக் கட்டிய கம்பி கடகடவென்று அடித்துக்கொண்டது. காற்று தணிந்ததும் சக்கரம் முன்னும் பின்னும் ஊசலாடி, சந்தனம் பூசிய இறக்கையைக் கீழே தொங்கவிட்டு நின்றது. அடுத்த முறையும் அதே இறக்கைதான் கீழே வந்தது.

தலைமை ஆசிரியர் ஆறரைக்கே வந்து பூஜை போட்டுவிட்டுப் போனதாகக் காவலாளி சொன்னாராம். அவர் கைக்கு எட்டியது கீழே தொங்கிய இறக்கையின் நுனி. அங்கே பூசியிருக்கிறார்.

அன்று பதினோரு மணிக்கு மாவட்டத்திலிருந்து கல்வி அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. அவர் கண்ணெதிரே அந்தக் காற்றாலை ஒரு சின்னச் சிவப்பு விளக்கை எரிய வைக்க வேண்டும். எரிந்தால் கோமதி டீச்சருக்கு ஓர் அறை கிடைக்கும். எரியாவிட்டால் கிடைக்காது.

அறை

மொட்டை மாடியில் தனியாக ஓர் அறை இருந்தது. நெடுங்காலமாகப் பூட்டிக் கிடந்தது. மேற்கே ஒரு பெரிய சன்னல். அதைத் திறந்தால் ஏரியைத் தாண்டி வரும் காற்று நேராக உள்ளே வரும். கதவைத் திறந்து இரண்டு அடி வைத்தால் வெட்டவெளி. காற்றை வைத்துச் சோதனை செய்யப் பள்ளியில் இதைவிட நல்ல இடம் இல்லை. அதைத் தன் மாணவர்களுக்குச் சோதனைக்கூடமாகக் கொடுங்கள் என்று கோமதி டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

தலைமை ஆசிரியருக்கு வேறு கவலை. கீழ்த் தாழ்வாரத்தில் உடைந்த பெஞ்சுகள் மலைபோல் குவிந்திருந்தன. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அதில் துருத்திய ஆணி காலைக் கிழித்திருந்தது. அவற்றைப் போட அவருக்கும் ஓர் அறை தேவை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

இந்தப் பேச்சு நடந்த பள்ளிக் குழுக் கூட்டத்தில் நானும் இருந்தேன். என் மகள் அங்கே படித்த காலத்தில் என்னைக் குழுவில் சேர்த்தார்கள். அவள் கல்லூரிக்குப் போன பிறகும் கூட்டத்துக்கு அழைப்பு வந்துகொண்டிருந்தது. உள்ளூர் நிருபர் ஒருவர் உடன் இருப்பது நல்லது என்று நினைத்திருக்கலாம்.

கூட்டத்தின் முடிவில் தலைமை ஆசிரியர் சொன்னார்: "ஆபீசர் முன்னாடி லைட்டு எரியட்டும் மேடம். ரூம் உங்களுது. எரியலன்னா பெஞ்சு மேல ஏறிடும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

கோமதி டீச்சர் சரி என்றார்.

கரண்ட் வந்தால் காற்று வரும்

அறிவியல் கண்காட்சிச் செய்தியை எழுதுவதற்கு நாளிதழ்க்காரர்களிடம் ஓர் அச்சு உண்டு. 'மாணவர்களின் படைப்புகள் பார்வையாளர்களைக் கவர்ந்தன' என்று முடியும். இத்தனை வருடங்களில் நானே அந்த வரியை எத்தனை முறை எழுதினேன் என்று தெரியாது. மழைநீர் சேகரிப்பு, எரிமலை, காற்றாலை, இந்த மூன்றும் இல்லாத கண்காட்சியை நான் பார்த்ததில்லை.

காற்றாலை தெர்மாக்கோலில் இருக்கும். அதற்கு எதிரே ஒரு மேசை விசிறி இருக்கும். விசிறியைப் போட்டால் காற்றாலை சுற்றும். காற்றிலிருந்து மின்சாரம் வருவதை மாணவர்கள் விளக்குவார்கள்.

ஒரு கண்காட்சியில் நடுவில் மின்சாரம் போய்விட்டது. விசிறி நின்றது, காற்றாலையும் நின்றது. விளக்கிக்கொண்டிருந்த மாணவி பதறவே இல்லை. "கரண்ட் வந்தா காத்து வரும் சார், இருங்க" என்றாள். இருந்தேன். வந்தது.

இதை ஒருநாள் கோமதி டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தன் வகுப்பில் விசிறிக்கு இடமில்லை என்றார். காற்று வேண்டுமென்றால் அது இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்பது அவருடைய விதி.

அப்படித்தான் அவர்கள் ஆரம்பித்தார்கள். குச்சிகளில் ரிப்பனைக் கட்டிப் பள்ளி வாசல், விளையாட்டுத் திடல், ஏரிக்கரை என்று இடம் இடமாக நட்டார்கள். புளியமரத்துக்குப் பின்னால் நட்ட இரண்டு ரிப்பன்கள் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் பறந்தன. காற்று மரத்தைச் சுற்றிக்கொண்டு வரும்போது சுழல்கிறது என்று டீச்சர் விளக்கினார். மொட்டை மாடியில் நட்ட ரிப்பன் மட்டும் நாள் முழுதும் விறைப்பாக ஒரே பக்கம் பறந்தது. அறையைக் கேட்கும் எண்ணம் அவருக்கு அங்கேதான் வந்தது.

ஒரு சனிக்கிழமை திருமுக்கூடலுக்கும் போனார்கள். மூன்று ஆறு கூடும் இடத்தில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் மணல். காற்றை மறைக்க ஒன்றுமில்லை. அங்கே கொண்டுபோன முதல் சக்கரம் தாறுமாறான வேகத்தில் சுற்றி, ஓர் இறக்கை பிய்ந்து பறந்து மணலில் குத்திக்கொண்டு நின்றது. அதைப் பிடுங்கப் போன பிரகாஷ் கால் சுடுகிறது என்று குதித்துக் குதித்துத் திரும்பி வந்ததாக ஷர்மிளா எனக்குப் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறாள்.

நெற்றிப் பொட்டு

இறக்கைகள் நாலங்குலக் குழாயை நீளவாக்கில் அறுத்துச் செய்தவை. ஆழ்துளைக் கிணறு போட்டதில் மிஞ்சிய குழாய். பயிர் வைக்கும் குடும்பம் ஷர்மிளாவுடையது; குழாயைக் கொடுத்தது அவள் அப்பா.

மோட்டார் ஒரு பழைய பிரிண்டரிலிருந்து கழற்றியது. மின்சாரம் கொடுத்தால் மோட்டார் சுற்றும். மோட்டாரை நாம் சுற்றினால் அது மின்சாரம் கொடுக்கும். பிரகாஷ் இதை நம்பவில்லை. விரலால் திருகி விளக்கு மினுங்கியதைப் பார்த்த பிறகும், உள்ளே எங்கோ பேட்டரி ஒளிந்திருக்கிறது என்று அதைப் பிரித்துப் பார்த்தான். பிறகு மூட ஒரு மாலை முழுக்க ஆனது.

மணற்பரப்பில் இறக்கை பிய்ந்து பறந்ததற்குக் காரணம் அவை மூன்றும் ஒரே எடையில் இல்லாததுதான் என்றார் டீச்சர். புதிய சக்கரத்தை மோட்டாரிலிருந்து கழற்றி, சைக்கிள் சக்கரத்தின் கம்பி ஒன்றில் கோத்து, கிடையாகப் பிடிக்கச் சொன்னார். கனமான இறக்கை கீழே வந்து நின்றது. அதை அரத்தால் தேய்த்தார்கள். மறுபடி கோத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு துளி வித்தியாசம் மிஞ்சியது. இன்னும் தேய்த்தால் எடை அளவுக்கு மீறிக் குறைந்துவிடும்.

ஷர்மிளா நெற்றியிலிருந்த பெரிய ஸ்டிக்கர் பொட்டை எடுத்து எடை குறைந்த இறக்கையில் ஒட்டினாள். போதவில்லை. பக்கத்துப் பெண்ணின் பொட்டை எடுத்தாள். அன்று மாலை ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் பலர் வெறும் நெற்றியோடு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் ஒரு தாயார் பள்ளிக்கு வந்தார். "இன்னா மிஸ், பொட்டு வெக்கக் கூடாதுன்னு ஸ்கூல்ல சட்டம் போட்டுக்கினு கீறீங்களா?" என்று கேட்டார். அவரை மாடிக்கு அழைத்துப் போய் இறக்கையைக் காட்டினார்கள். அவர் பொட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, இதில் தன் மகளுடையது எது என்று கேட்டார்.

சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. விளக்கு எரிந்தது. அதிகாரி வருகைக்கு முந்தைய வாரம் முழுக்க எரிந்தது.

சுற்றும் இடம்

என் ஆரம்பகாலத்தில் எங்கள் நாளிதழின் அச்சகம் செய்தி ஆசிரியர் பிரிவுக்குக் கீழ்த்தளத்திலேயே இருந்தது. ஆயுத பூஜைக்கு இயந்திரத்தைக் கழுவித் துடைத்து, மாலை போட்டு, பொரியும் கடலையும் வைப்போம். இயந்திரப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். வருடம் தவறாமல் மலைக்கு மாலை போடுகிறவர். அவர் சந்தனத்தை இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் மட்டும்தான் வைப்பார். உருளைகளின் பக்கம் யார் கையும் போக விடமாட்டார். "நிக்கிற எடத்துல வெய்யி. சுத்துற எடம் வேணாம்" என்பார்.

அவர் விடுப்பில் இருந்த ஒரு வருடம் யாரோ ஆர்வத்தில் உருளைக்கே வைத்துவிட்டார்கள். விடுமுறை முடிந்து வந்த முதல் பதிப்பில், முதல் பக்கத்தில், ஒரு தலைவரின் கன்னத்தில் மஞ்சளாக ஒரு தீற்று. கட்சிக்காரர்கள் தொலைபேசியில் விளக்கம் கேட்டார்கள். உண்மையைச் சொன்னோம். அது நல்ல சகுனம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்கள்.

மூன்றுக்கும்

அந்த வெள்ளிக்கிழமைக் காலையில் இந்தக் கதையை நான் கோமதி டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். ஆனால் இறக்கையைத் தொடவில்லை.

துடைத்துவிடலாமா என்று முதலில் கேட்டது பிரகாஷ்தான்.

"ஆடி வெள்ளிக்கெழம சாமிக்கு வெச்ச சந்தனத்த உங்க வூட்ல தொடப்பாங்களாடா?" என்றாள் ஷர்மிளா.

"எங்க வூட்டுது சுத்தாது. இது ஆடிக்கினு கீது பாரு."

டீச்சர் தலையை ஆட்டினார். "நான் தொடைக்க மாட்டேன். அவர் கேலிக்குப் போடல. விளக்கு எரியணும்னு மனசாரப் போட்டிருக்கார்."

அவர் சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும். துடைத்த பிறகு வேறு எந்தக் காரணத்தால் விளக்கு எரியாமல் போனாலும், பழி துடைத்ததன் மேல்தான் விழும். அறைக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரும் தலைமை ஆசிரியர்தான். அவரிடமே கேட்டுவிடலாம் என்றால், அவர் அதிகாரியை அழைத்துவரக் காஞ்சிபுரம் போய்விட்டார். தொலைபேசியில் கேட்கிற விஷயமாகவும் அது யாருக்கும் தோன்றவில்லை.

ஷர்மிளா கொஞ்ச நேரம் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப மத்த ரெண்டுக்கும் வெச்சிடலாம் மிஸ். அதே எடத்துல, அதே அளவு. சாமிக்கு ஒண்ணு போதும். சக்கரத்துக்கு மூணும் வேணும்."

தலைமை ஆசிரியர் விட்டுப்போன பித்தளைக் கிண்ணத்தில் சந்தனம் மீதி இருந்தது. சக்கரத்தைக் கழற்றிக் கம்பியில் கோத்தார்கள். ஷர்மிளா விரல் நுனியால் பூசுவாள். பிரகாஷ் கம்பியைப் பிடித்துக்கொள்வான். சக்கரம் மெல்லச் சாய்ந்து நிற்கும். அவள் இன்னொரு துளி வைப்பாள். குங்குமமும் வைத்தார்கள். முதல் இறக்கைக்கும் மற்ற இரண்டுக்கும் பார்வைக்கு வித்தியாசமே தெரியவில்லை. கடைசியில் சக்கரத்தை எப்படித் திருப்பி விட்டாலும் விட்ட இடத்தில் நின்றது.

மறுபடி மாட்டினார்கள். காற்று வந்தது. குழாய் ஆடவில்லை. விளக்கு ஒரே சீராக எரிந்தது. அதிகாரி வரும்வரை சுற்ற வேண்டாம் என்று இறக்கையைக் கயிற்றால் கட்டி வைத்துவிட்டு, பிரார்த்தனை மணி அடித்ததும் எல்லோரும் கீழே இறங்கினோம். நல்ல தீர்வு என்று நானும் நினைத்தேன்.

அதிகாரி

பதினோரு மணிக்கு வர வேண்டியவர் பன்னிரண்டு தாண்டி வந்தார். மாடியில் தரை கொதித்தது. கட்டுப்பாடான நடையும் கையில் ஒரு கோப்புமாக, நடுத்தர வயதுப் பெண்மணி. இங்கிருந்து எங்கள் ஊரின் பழைய கல்வெட்டுக் கோயிலையும் பார்த்துவிட்டு அவர் திரும்ப வேண்டும் என்று உதவியாளர் இரண்டு முறை நினைவூட்டினார்.

தலைமை ஆசிரியரின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூன்று இறக்கைகளிலும் சந்தனம் இருப்பதைப் பார்த்தார். முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. பிள்ளைகளும் தன்னைப் போலவே பூசியிருக்கிறார்கள் என்று எண்ணியிருப்பார்.

கோமதி டீச்சர் சுருக்கமாக விளக்கினார். பிரகாஷ் கயிற்றை அவிழ்த்தான். நல்ல ஆடிக் காற்று. சக்கரம் வேகம் எடுத்தது.

முதலில் ஒரு நடுக்கம். பிறகு கம்பி அடித்துக்கொள்ளும் அதே சத்தம். ஓர் இறக்கையிலிருந்து சந்தனம் அப்பளம்போல் பெயர்ந்து பறந்து அதிகாரியின் தோளில் விழுந்தது. குழாய் இன்னும் பலமாகக் குலுங்கியது. மோட்டாரிலிருந்து ஒரு ஒயர் பிடுங்கிக்கொண்டு தொங்கியது. விளக்கு ஒரு முறை மினுங்கியதாகப் பிரகாஷ் பிற்பாடு சொன்னான். நான் பார்க்கவில்லை.

அதிகாரி தோளைத் தட்டிக்கொண்டார். என்ன ஆயிற்று என்று கேட்டார். கோமதி டீச்சர் இறக்கையைப் பார்த்தார். அவர் பார்த்ததை ஷர்மிளாவும் பார்த்தாள்.

"சந்தனம் காஞ்சிப் போச்சு மேடம்" என்றாள். "ஈரமா இருக்கசொல சரியா இருந்துச்சி. ஒண்ணு முன்னாடியே காஞ்சது. மத்த ரெண்டும் அப்பறம் வெச்சது, வெயில்ல இப்பதான் காஞ்சிருக்கு. தண்ணி போயிட்டா எடை கொறையும் இல்ல? அதான் ஆடுது."

சரியான விளக்கம். வடகம் காயப்போடும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். காலையில் எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இதுல சந்தனம் வெச்சது யாரு?" என்று கேட்டார் அதிகாரி.

தலைமை ஆசிரியர் வாயைத் திறந்தார். அதற்குள் ஷர்மிளா சொல்லிவிட்டாள்.

"நாங்கதான் மேடம்."

மூன்றில் இரண்டுக்கு அது உண்மை.

அறிவியல் படிக்கிற பிள்ளைகள் இதையெல்லாம் யோசித்துச் செய்ய வேண்டும் என்று அதிகாரி சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை. முயற்சியைப் பாராட்டவும் செய்தார். படியிறங்கிப் போனார். தலைமை ஆசிரியர் பின்னாலேயே போனார்.

அதன் பிறகு

காரின் கதவுச் சத்தம் கீழே கேட்டது. கோமதி டீச்சர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். பூட்டிய அறையின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பிரகாஷ் பெயர்ந்து விழுந்த சந்தனத் துண்டைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டான். கால் படக் கூடாது என்று நினைத்திருப்பான்.

தலைமை ஆசிரியர் திரும்பி மேலே வந்தார். வருவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஷர்மிளாவிடம் தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கினார். கைக்குட்டையை நனைத்தார். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, முதலில் தான் பூசிய இறக்கையைத் துடைத்தார். அது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. துணியில் வந்த சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். பிறகு மற்ற இரண்டையும் துடைத்தார்.

"இந்த ரெண்டையும் எப்படி அளந்தீங்க?" என்று கேட்டார்.

"கம்பில கோத்துப் பாத்தோம் சார்" என்றாள் ஷர்மிளா.

"என் கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல மேடம்?" என்று கோமதி டீச்சரைக் கேட்டார்.

"சொல்லியிருக்கணும் சார்" என்றார் டீச்சர்.

பிரகாஷ் ஒயரைத் திரும்பச் சேர்த்தான். தலைமை ஆசிரியர் கையை எடுத்தார். சக்கரம் சத்தமில்லாமல் வேகம் எடுத்தது. நடுப்பகல் வெயிலில் விளக்கு எரிகிறதா இல்லையா என்று தெரியவில்லை. அவர் குனிந்து இரண்டு உள்ளங்கைகளாலும் அதை மறைத்துப் பார்த்தார். கைகளின் உட்புறம் சிவப்பாகத் தெரிந்தது.

வெகுநேரம் அப்படியே இருந்தார். "எரியுது" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆபீசர் போயிட்டாங்களே" என்றார்.

சாப்பாட்டு மணி அடித்தது. அவர் கைக்குட்டையைப் பிழிந்து கைப்பிடிச் சுவரில் காயப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

நான் அனுப்பிய செய்தி மறுநாள் ஒரே பத்தியாக வந்தது. அரசுப் பள்ளியில் கல்வி அதிகாரி ஆய்வு. காற்றாலையைப் பற்றிய இரண்டு வாக்கியங்களை இடப்பற்றாக்குறையால் வெட்டியிருந்தார்கள். வார இறுதியில் கோமதி டீச்சரைச் சந்தையில் பார்த்தேன். அறையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. முருங்கைக்காய் வாங்கிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை உடைந்த பெஞ்சுகளை மேலே ஏற்றினார்கள். அறையின் கிழக்குப் பாதியில் கூரை முட்ட அடுக்கியிருந்தார்கள். மேற்குச் சன்னல் இருந்த பாதியில் ஒரு பெஞ்சும் இல்லை.